மோனேயின் ஜிவர்னி தோட்டம்: பார்க்கவும் படமெடுக்கவும் பகிரவும் ஒரு முழுமையான வழிகாட்டி

பாரிஸுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஐஃபெல் கோபுரம், லூவர், டிஸ்னிலாண்ட் என்று நாட்களைப் பிரித்துவிடுகிறார்கள். அதில் ஒரு நாளை ஜிவர்னிக்கு ஒதுக்குங்கள். ஓவியர் க்ளோட் மோனே 1883-ல் குடிவந்து, 1926 டிசம்பர் 5 அன்று இறக்கும்வரை வாழ்ந்த ஊர் அது. பாரிஸிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 75 கிலோமீட்டர். அங்கே அவர் தன் கையாலும் தோட்டக்காரர்களின் கையாலும் உருவாக்கிய தோட்டத்தைப் பார்க்க ஆண்டுக்கு 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வருகிறார்கள்.

அப்படி வருகிறவர்களில் பெரும்பாலானோர் ஒரே படத்தைத்தான் எடுக்கிறார்கள். நடுவில் பச்சைப் பாலம், முன்னால் அல்லி இலைகள், மேலே கொஞ்சம் வானம். இணையத்தில் தேடினால் அதே படம் வந்துகொண்டே இருக்கும். மோனே அங்கே செய்தது வேறு வேலை. ஒரே இடத்தை எடுத்துக்கொண்டு, ஒளி மாற மாற அடுத்தடுத்த கித்தானுக்கு மாறினார். 1890-91-ன் வைக்கோல் போர்களையும், 1892-94-ன் ரூவான் தேவாலயத்தையும் அப்படித்தான் வரைந்தார். கடைசி முப்பது ஆண்டுகளில் தன் தோட்டத்து அல்லிக் குளத்தையும் அதே வழியில் வரைந்தார். ஆகவே இந்த வழிகாட்டி முழுக்க நான் வலியுறுத்தப் போவது ஒன்றுதான்: ஓரிடத்தில் நில்லுங்கள், அங்கே நேரம் மாறுவதைப் படமெடுங்கள், பகிரும்போது அந்த நேரத்தையும் சேர்த்துப் பகிருங்கள்.

1. போகும் முன் இந்தத் தோட்டத்தின் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

கதை தெரியாமல் போனால் அழகான பூந்தோட்டம் ஒன்றைப் பார்த்துவிட்டு வருவீர்கள், அவ்வளவுதான். கதை தெரிந்தால் எதைப் படமெடுப்பது என்பதே மாறிவிடும்.

மோனே முதலில் வீட்டை வாடகைக்குத்தான் எடுத்தார். அவருடைய இரண்டு மகன்கள், பின்னாளில் அவர் மணந்த ஆலிஸ் ஓஷ்டே, ஆலிஸின் ஆறு பிள்ளைகள் என்று பெரிய குடும்பம். படங்கள் விற்கத் தொடங்கிக் கையில் பணம் சேர்ந்ததும், 1890-ல் வீட்டை வாங்கினார். வீட்டின் முன்னால் சரிவாக இறங்கும் ஏறத்தாழ ஒரு ஹெக்டேர் நிலம்தான் 'க்ளோ நோர்மான்' எனப்படும் மேல் தோட்டம். 1893-ல், தோட்டத்துக்குக் கீழே ஓடிய ரயில் பாதைக்கு அப்பால் இன்னொரு துண்டு நிலம் வாங்கி, எப்ட் ஆற்றின் கிளையோடையிலிருந்து தண்ணீரைத் திருப்பிக் குளம் வெட்ட அனுமதி கேட்டார். ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள். பெயர் தெரியாத வெளிநாட்டுச் செடிகள் தண்ணீரைக் கெடுத்துவிடும், அதைக் குடிக்கும் மாடுகள் என்னவாகும் என்று பயந்தார்கள். மோனே விடவில்லை, அனுமதி வாங்கினார். சில ஆண்டுகள் கழித்துக் குளத்தைப் பெரிதாக்கவும் செய்தார்.

அல்லிகளை அவர் வாங்கியது லத்தூர்-மார்லியாக் என்ற பிரெஞ்சு நாற்றுப்பண்ணையிலிருந்து. ஐரோப்பிய அல்லி அதுவரை வெள்ளைதான். குளிரைத் தாங்கும் வண்ண அல்லிகளை இனக் கலப்பில் உருவாக்கியவர்கள் இவர்கள். ஆகவே நீங்கள் குளத்தில் பார்க்கப்போகும் இளஞ்சிவப்பும் மஞ்சளும் மோனேயின் காலத்துப் புதுமை. குளத்தைச் சுத்தமாக வைக்க மட்டும் ஒரு தோட்டக்காரர் தனியாக இருந்தார். பக்கத்துச் சாலையில் வண்டிகள் போய்ப் புழுதி அல்லி இலைகளில் படிகிறது என்று, தன் செலவில் அந்தச் சாலைக்குத் தார் போட ஏற்பாடு செய்தார் மோனே. தண்ணீரின் மேற்பரப்பு அவருக்கு அவ்வளவு முக்கியமாக இருந்தது. உங்கள் படத்திலும் அதற்குத்தான் முதலிடம்.

அவர் மறைந்த பிறகு, குறிப்பாக இரண்டாம் உலகப் போருக்குப் பின், தோட்டம் சீரழிந்தது. மகன் மிஷெல் மோனே 1966-ல் கார் விபத்தில் இறந்தபோது சொத்து பிரான்சின் நுண்கலை அகாடமிக்குப் போனது. வெர்சாய் அரண்மனையைச் சீரமைத்த ஜெரால்ட் வான் டெர் கெம்ப் 1977-ல் இங்கே பொறுப்பேற்றார். அமெரிக்கக் கொடையாளர்களின் பெரும் உதவியோடு வேலை நடந்தது. குளத்தைத் திரும்பத் தோண்டினார்கள். உளுத்துப்போன பாலத்தை எடுத்துவிட்டு அதே வடிவில் புதிதாகக் கட்டினார்கள். 1980-ல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். எனவே "மோனே நடந்த அதே பாலம்" என்று தலைப்பு எழுதாதீர்கள். அது அவர் நடந்த இடம், மரம் புதிது.

2. பாரிஸில் முதலில் ஒராஞ்செரிக்குப் போங்கள்

பலரும் தோட்டத்தைப் பார்த்துவிட்டு ஓவியத்தைப் பார்ப்பார்கள். என் கருத்து, தலைகீழாகச் செய்யுங்கள். பாரிஸின் ஒராஞ்செரி அருங்காட்சியகத்தில், இரண்டு நீள்வட்ட அறைகளில், 8 பெரிய அல்லி ஓவியங்கள் சுவரோடு வளைந்து நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2 மீட்டர் உயரம். முதல் உலகப் போர் நின்ற மறுநாள், 1918 நவம்பரில், தன் நண்பரும் பிரதமருமான க்ளெமான்சோவுக்கு எழுதி மோனே நாட்டுக்குத் தந்த கொடை இதன் தொடக்கம். பொதுமக்கள் பார்த்தது 1927-ல். அப்போது அவர் இல்லை.

அங்கே அரை மணி நேரம் உட்காருங்கள். ஒரு விஷயம் கண்ணில் படும்: இந்த ஓவியங்களில் அடிவானம் இல்லை, தூரத்துக் கரையும் இல்லை. வானம் இருக்கிறது, ஆனால் தண்ணீருக்குள் தலைகீழாக இருக்கிறது. மேகம் கீழே, இலை மேலே. இதைப் பார்த்துவிட்டு மறுநாள் ஜிவர்னிக்குப் போனால் கேமராவைத் தானாகவே கீழே சாய்ப்பீர்கள். ஃபிளாஷ் இல்லாமல் அங்கே படமெடுக்கலாம். செவ்வாய்க்கிழமை விடுமுறை. நேரம் இருந்தால் மார்மொத்தான் மோனே அருங்காட்சியகத்துக்கும் போகலாம். மிஷெல் மோனே விட்டுச்சென்ற ஓவியங்கள் அங்கேதான் இருக்கின்றன. அது திங்கட்கிழமை மூடியிருக்கும்.

3. எந்த மாதம், எந்த நேரம்

தோட்டம் ஏப்ரல் தொடக்கத்திலிருந்து நவம்பர் தொடக்கம் வரை மட்டுமே திறந்திருக்கும். டிசம்பர் விடுமுறையில் பாரிஸ் போகிறவர்களுக்கு ஜிவர்னி கிடையாது. இதைத் தெரியாமல் திட்டம் போடுகிறவர்கள் நிறைய.

ஏப்ரலில் டியூலிப்பும் டாஃபோடிலும் பூத்த பழ மரங்களும் இருக்கும். குளம் ஏறக்குறைய வெறுமையாக இருக்கும். மே மாதத்தில் ஐரிஸ் வரிசைகள், பாலத்தின் மேல் ஊதாவும் வெள்ளையுமாய்ப் பூக்கள் தொங்கும் விஸ்டீரியா கொடி. ஜூன் ரோஜாக்களின் மாதம். அல்லிகளுக்கு ஜூலை, ஆகஸ்ட். செப்டம்பரில் டாலியா, ஆஸ்டர், சூரியகாந்தி. நடுப்பாதையின் இரு பக்கத்திலிருந்தும் நாஸ்டர்ஷியம் கொடி படர்ந்து பாதையையே மூடிவிடும்.

படமெடுப்பவர் என்றால் இன்னொரு கணக்கும் போட வேண்டும். அங்கே கோடையில் கடிகாரத்தை முன்னே தள்ளி வைப்பதால், ஜூனில் சூரியன் உச்சிக்கு வருவது மதியம் ஏறக்குறைய 1.50 மணிக்கு. சூரியன் மறைவது இரவு பத்து மணியை ஒட்டி. தோட்டமோ மாலை 6 மணிக்கு மூடிவிடும். அதாவது, படமெடுப்பவர்கள் ஆசைப்படும் அந்திப் பொன்னொளி கோடையில் உங்களுக்குக் கிடைக்கவே கிடைக்காது. ஆனால் காலையில் கதவு திறக்கும் நேரத்தில் சூரியன் இன்னும் ஓரளவு தாழ்வாகவே இருக்கும். அதனால் கோடையில் போனால் முதல் ஆளாகப் போங்கள்.

தாழ்ந்த ஒளி வேண்டும் என்றால் அக்டோபர்தான். அந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரம் பின்னால் போகும். அதற்குச் சற்று முந்தைய நாட்களில் சூரியன் மறைவது 6.40 மணியை ஒட்டி. கடிகாரம் மாறிய பிறகு 5.40 மணிக்கே. மூடுவதற்கு முந்தைய மாலை நேரத்தில் ஒளி பக்கவாட்டில் வந்து விழும். காலையில் சேன் பள்ளத்தாக்கில் மூடுபனி இருக்கவும் வாய்ப்புண்டு. பூக்கள் குறைவு, கூட்டமும் குறைவு. எனக்கு ஜிவர்னியில் பிடித்த மாதம் எது என்று கேட்டால், தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

மேகமூட்டமான நாள் என்று வருந்த வேண்டாம். பூக்களின் நிறம் அப்போதுதான் சரியாகப் பதியும். உச்சி வெயிலில் வெள்ளை இதழ் வெளுத்துப்போகும், இலைகளுக்கு அடியில் கறுப்பாகிவிடும்.

4. டிக்கெட்டும் பயணமும்

நுழைவுச்சீட்டை க்ளோட் மோனே அறக்கட்டளையின் தளத்தில் முன்கூட்டியே வாங்குங்கள். அன்றைய திறப்பு நேரத்தையும் அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். 2026-ல் அவர் மறைந்து 100 ஆண்டுகள் நிறைவதால் கூட்டம் அதிகமாகவே இருக்கும். வார இறுதியைத் தவிர்ப்பது நல்லது.

ரயில் பாரிஸின் சான்-லசார் நிலையத்திலிருந்து கிளம்பும். ரூவான் நோக்கிப் போகும் ரயிலில் ஏறி வெர்னோன்-ஜிவர்னி நிலையத்தில் இறங்க வேண்டும். 50 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். ரூவான் போகும் எல்லா ரயிலும் வெர்னோனில் நிற்காது, பலகையில் பார்த்துவிட்டு ஏறுங்கள். பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாசப்பல் பக்கம் சொந்தக்காரர்கள் வீட்டில் தங்குகிறவர்களுக்கு இது மிகச் சுலபம்: மஜந்தா நிலையத்தில் புறநகர் ரயிலான ஆர்.இ.ஆர். 'இ' வண்டி ஏறினால் அடுத்த நிறுத்தமே சான்-லசார்.

வெர்னோனிலிருந்து தோட்டம் 5 கிலோமீட்டர். ரயில் நேரத்தை ஒட்டி நிலைய வாசலில் பேருந்து நிற்கும். அதற்குத் தனிக் கட்டணம். சைக்கிளும் வாடகைக்குக் கிடைக்கும். சேன் நதியைக் கடந்ததும் பழைய ரயில் பாதை இப்போது நடைபாதையாக இருக்கிறது. நடந்தால் ஒன்றேகால் மணி நேரம். போகும்போது பேருந்தில் போய்விட்டு, திரும்பும்போது நடந்து வாருங்கள். காலை ஒளியை நடையில் செலவழிக்க வேண்டாம்.

லாசப்பலில் புளிச்சோறோ இடியப்பமோ கட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு ஒரு சொல்: தோட்டத்துக்குள் உட்கார்ந்து சாப்பிட அனுமதி இல்லை. வெளியே புல்வெளிகள் உண்டு, அங்கே சாப்பிடலாம்.

5. பையில் என்ன வேண்டும்

கைப்பேசி போதும். கேமரா இருந்தால் ஒரே லென்ஸ், 35 முதல் 85 மில்லிமீட்டருக்குள் எதுவானாலும். பாதைகள் குறுகல், பின்னால் ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். முக்காலியை விடுதியிலேயே விட்டுவிடுங்கள். டிரோனும் அப்படியே.

போலரைசர் ஃபில்டர் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தண்ணீரைப் படமெடுக்கும்போது அதைப் பூட்டச் சொல்லித்தான் எல்லாரும் கற்றுத்தருவார்கள், பளபளப்பு போய் அடியில் இருப்பது தெரியும் என்று. ஜிவர்னியில் அந்தப் பளபளப்புதான் நீங்கள் தேடி வந்தது. வில்லோ மரத்தின் பிம்பமும் மேகமும் போய்விட்டால் மிஞ்சுவது சேறும் தண்டும். ஆகவே குளத்தருகே அதைக் கழற்றிவிடுங்கள். மேல் தோட்டத்தில் மழைக்குப் பின் ஈர இலைகளின் மினுக்கத்தைக் குறைக்க மட்டும் பயன்படுத்தலாம்.

பேட்டரி ஒன்று கூடுதலாக, மழைக்கு ஒரு மெல்லிய சட்டை. வேறெதுவும் தேவையில்லை.

6. குளத்துக்கு முதலில் போங்கள்

கதவு திறந்ததும் எல்லாரும் வீட்டை நோக்கியோ மேல் தோட்டத்தை நோக்கியோ போவார்கள். நீங்கள் நேராகக் கீழே இறங்கி, சாலைக்கு அடியில் போகும் சுரங்கப்பாதை வழியாக நீர்த்தோட்டத்துக்குப் போய்விடுங்கள். ஒரு காலத்தில் ரயில் ஓடிய இடம்தான் மேலே இருக்கும் அந்தச் சாலை. குழுவாக வருகிறவர்கள் குளத்துக்கு வந்து சேரும்வரை கிடைக்கும் அந்தக் கொஞ்ச நேரம் விலைமதிப்பற்றது. அப்போது தண்ணீர் பெரும்பாலும் அசையாமல் இருக்கும்; காற்று எழுந்தபின் பிம்பம் உடைந்துவிடும்.

முதலில் படமெடுக்காமல் குளத்தை ஒரு சுற்று சுற்றுங்கள். மூங்கில் புதர், தொங்கும் வில்லோ, மரநிழலில் கட்டிய படகு, அப்புறம் பாலம். சுற்றும்போதே உங்களுக்கான இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். மூன்று விஷயங்களைப் பாருங்கள்: அங்கே வானத்தின் பிம்பம் விழ வேண்டும், அல்லித் திட்டு ஒன்றாவது அருகில் இருக்க வேண்டும், நீங்கள் நின்றால் பிறருக்கு வழி மறையக் கூடாது. பாலத்தின் எதிர்முனையில் எல்லாரும் நிற்கும் இடம் இந்த மூன்றாவது தேர்வில் தோற்றுவிடும்.

இடம் கிடைத்ததும் இப்படிச் செய்யுங்கள். கரையோ அடிவானமோ சட்டகத்துக்குள் வராதபடி கேமராவைக் கீழே சாயுங்கள். கைப்பேசியில் பெரிய வெள்ளைப் பூவின் மேல் விரலை வைத்துக் குவியத்தை (ஃபோகஸ்) பூட்டுங்கள், ஒளி அளவைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். கேமராவில் எக்ஸ்போஷரை அரை ஸ்டாப் அளவுக்குக் குறைத்தால் சரியாக இருக்கும். தண்ணீர் பொதுவாக இருட்டு. கருவி அதைப் பார்த்து ஏமாந்து, பூவை வெளுக்க வைத்துவிடும். வைட் பேலன்ஸ் என்ற நிறச் சமநிலை அமைப்பைத் தானியங்கியில் விடாமல் பகல் ஒளியில் நிறுத்துங்கள். தானியங்கியில் விட்டால் ஒவ்வொரு படத்திலும் பச்சை வேறு வேறாக வரும். ஒளி மாறியதா, கருவி மாற்றியதா என்று பிறகு உங்களுக்கே தெரியாது.

குவியம் பற்றி ஒரு நுணுக்கம். அல்லி இலை தண்ணீரின் மேற்பரப்பில் இருக்கிறது. மேகத்தின் பிம்பமோ, கேமராவைப் பொறுத்தவரை, மேகம் இருக்கும் தூரத்தில் இருக்கிறது. இலையில் குவித்தால் பிம்பம் கொஞ்சம் கலங்கும்; பிம்பத்தில் குவித்தால் இலை கலங்கும். இரண்டையும் தனித்தனியே எடுத்துப் பாருங்கள். இரண்டும் கூடியவரை தெளிவாக வேண்டும் என்றால் கேமராவில் எஃப் 11 அளவுக்குத் துவாரத்தைச் சுருக்குங்கள். கைப்பேசியில் சென்சார் சிறியது என்பதால் இந்தச் சிக்கல் குறைவு.

எடுத்த இடத்தை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு வேலித் தூணோ மரமோ. பிறகு மேலே போய்விட்டு, திரும்ப வந்து அதே இடத்தில், அதே சட்டகத்தில் எடுங்கள். கைப்பேசியில் முதல் படத்தைத் திறந்து ஒப்பிட்டுக்கொண்டால் சட்டகம் பிசகாது. அல்லிப் பூக்கள் காலை ஏறஏற விரிந்து, பிற்பகல் கழியும்போது கூம்பத் தொடங்கும். ஆகவே காலை 10, நண்பகல், பிற்பகல் 3, மூடுவதற்குச் சற்று முன் என்று நான்கு முறை எடுத்தால், ஒளி மட்டுமல்ல, பூவும் மாறியிருப்பது தெரியும். நாள் முழுக்க இருக்க முடியாதவர்கள் வந்ததும் ஒருமுறை, கிளம்பும்முன் ஒருமுறை எடுத்தாலும் போதும்.

பாலத்தையும் எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பாலத்தின் தண்ணீர் பிம்பத்தை மட்டும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

7. மேல் தோட்டமும் வீடும்

க்ளோ நோர்மானின் நடுப்பாதை இரும்பு வளைவுகளோடு வீட்டு வாசல்வரை போகிறது. அதில் நடக்க விடமாட்டார்கள். பக்கவாட்டுப் பாதைகளில்தான் போக வேண்டும். அதுவும் நல்லதற்கே, ஆட்கள் இல்லாத நடுப்பாதை கிடைக்கிறது. வளைவுகள் வரிசையாகத் தெரிய, பாதையின் கீழ்முனையிலிருந்து இடுப்பு உயரத்தில் கேமராவைப் பிடித்து எடுங்கள்.

இங்கே பூக்கள் நெருக்கமானவை. எல்லாவற்றையும் ஒரே சட்டகத்தில் அடைக்க முயன்றால் கண் எங்கே போய் நிற்பது என்று தெரியாது. மோனே நிறங்களைப் பாத்தி பாத்தியாகக் கூட்டி நட்டவர். ஆகவே இரண்டு நிறம் மட்டும் வரும்படி எடுங்கள்: ஊதா ஐரிஸும் பச்சையும், ஆரஞ்சு நாஸ்டர்ஷியமும் சரளைக்கல்லின் சாம்பல் நிறமும். ஆரஞ்சும் சிவப்பும் கைப்பேசியில் எளிதில் தட்டையாகிவிடும். அங்கேயும் ஒளியைக் குறைத்தே எடுங்கள்.

இளஞ்சிவப்பு வீட்டுக்குள் மஞ்சள் சாப்பாட்டறை, நீல ஓடுகள் பதித்த சமையலறை, சுவர் முழுக்க ஜப்பானிய மர அச்சுப் படங்கள். ஹொகுசாய், ஹிரோஷிகே, உட்டாமரோ என்று மோனே சேர்த்தவை. குளத்தின் மேல் ஜப்பானிய பாணியில் அந்தப் பாலம் ஏன் வந்தது என்பதற்கு விடை இந்தச் சுவர்களில் இருக்கிறது. உள்ளே படமெடுப்பது பற்றி வாசலில் இருக்கும் அறிவிப்பின்படி நடந்துகொள்ளுங்கள். ஃபிளாஷ் எப்போதும் வேண்டாம், அச்சுப் படங்களின் சாயம் ஒளியில் மங்கக்கூடியது. மாடி சன்னலிலிருந்து தோட்டத்தை ஒருமுறை பார்க்க மறக்காதீர்கள். கீழே நின்று குழம்பிய பாத்திகளின் வரிசை மேலிருந்து தெளிவாகிவிடும். அல்லி ஓவியங்களுக்காகவே அவர் கட்டிய பெரிய கூடம் இப்போது கடையாக இருக்கிறது. நினைவுப்பொருள் வாங்காவிட்டாலும் கூரையை அண்ணாந்து பாருங்கள்.

கிளம்பும்முன் ஊரின் சிறு தேவாலயத்துக்கு நடந்து போனால் மோனேயின் குடும்பக் கல்லறை இருக்கிறது. அங்கே படம் வேண்டுமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

8. தேர்வும் திருத்தமும்

அன்று இரவே எதையும் பதிவிடாதீர்கள். சில நாள் கழித்துப் பாருங்கள். ஒரே காட்சி எட்டு இருந்தால் ஒன்றை வையுங்கள். என் கணக்கில் ஒரு பதிவுக்குப் பத்துப் படத்துக்கு மேல் போனால் பார்ப்பவர் ஸ்க்ரோல் செய்யத் தொடங்கிவிடுவார். குளத்தின் நேர வரிசை நான்கு படம், மேல் தோட்டம் இரண்டு மூன்று, பொடி விவரம் ஒன்றிரண்டு, இது நல்ல அளவு.

திருத்தும்போது நேர வரிசைப் படங்களுக்கு ஒரே அளவைக் கொடுங்கள். ஒன்றைத் திருத்தி, அதே அமைப்பை மற்றவற்றுக்கும் ஒட்டுங்கள். தனித்தனியாகப் 'ஆட்டோ' அழுத்தினால் காலையும் மாலையும் ஒரே மாதிரி ஆகி, நாள் முழுக்க நீங்கள் காத்திருந்தது வீணாகும். நிறத்தை ஏற்றும் பட்டையைத் தொடாமல் இருப்பதே நல்லது. ஜிவர்னியின் பச்சை ஈரமான, நீலம் கலந்த பச்சை. பட்டையைத் தள்ளினால் அது பிளாஸ்டிக் பச்சையாகிவிடும். ஏ.ஐ. கருவியால் ஆட்களை அழிப்பதும், இல்லாத பூவைச் சேர்ப்பதும் வேண்டாம். ஜூலையில் பாலத்தில் விஸ்டீரியா பூத்த படத்தைப் பார்த்து ஒருவர் ஜூலைக்கு டிக்கெட் எடுத்தால், அது நம் பொறுப்பு.

ஏற்றும் பிரதியை, திரைகளுக்குப் பொதுவான எஸ்ஆர்ஜிபி நிறவெளியில், நீளப் பக்கம் 2048 பிக்ஸல் அளவில் ஜேபெக்காகச் சேமியுங்கள். உறவினர்களுக்கு வாட்ஸப்பில் அனுப்புவதென்றால் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் சுருக்கிவிடும், தண்ணீரின் மெல்லிய நிற மாற்றங்கள்தான் முதலில் போகும்.

9. தலைப்பும் விளக்கமும்

பெரும்பாலான பயணப் பதிவுகள் இங்கேதான் கோட்டை விடுகின்றன. "அழகு", "சொர்க்கம்" என்று எழுதினால் பார்ப்பவருக்கு எதுவும் கிடைக்காது. மாதம், மணி, வானிலை, செடியின் பெயர் இவற்றை எழுதுங்கள். எடுத்துக்காட்டாக: "அக்டோபர் மூன்றாம் வாரம், காலை 10.20, மூடுபனி விலகும் நேரம். வில்லோவின் பிம்பம், பூ முடிந்த அல்லி இலைகள்." இதைப் படிப்பவர் தன் பயணத்தைத் திட்டமிடலாம்.

செடியின் பெயரில் கவனம் வேண்டும். தமிழ்ப் பதிவுகளில் ஜிவர்னி குளத்தைத் 'தாமரைக் குளம்' என்று எழுதிவிடுகிறார்கள். குளத்தில் இருப்பவை அல்லிகள். இலை தண்ணீரில் படிந்து ஒரு பக்கம் வெட்டுப்பட்டிருந்தால் அல்லி. வெட்டில்லாமல் வட்டமாகத் தண்ணீருக்கு மேலே எழுந்து நின்றால் தாமரை.

ஓவியத்தையும் படத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பகிர்வது அருமையான வழி. மோனேயின் ஓவியங்களுக்கு இப்போது பதிப்புரிமை இல்லை. நியூயார்க்கின் மெட்ரோபொலிட்டன், சிகாகோவின் ஆர்ட் இன்ஸ்டிடியூட், வாஷிங்டனின் தேசியக் கலைக்கூடம் ஆகியவை தங்களிடம் உள்ள மோனே ஓவியங்களின் உயர்தரப் படங்களை இலவசமாகத் தருகின்றன. ஆனால் பொருத்தும்போது ஆண்டைப் பாருங்கள். 1899-ன் பால ஓவியங்களில் விஸ்டீரியா பந்தல் இல்லை. அது பிறகு வந்தது. பாலம் சிவப்பும் பழுப்புமாய் எரிவதுபோல் தெரியும் ஓவியங்கள் கடைசிக் காலத்தவை. 1912-ல் கண்புரை என்று தெரிந்து, 1923-ல்தான் அறுவை செய்துகொண்டார். உங்கள் படத்தை அந்த நிறத்துக்குத் திருத்த முயல வேண்டாம், இரண்டையும் அருகருகே வைத்தாலே போதும்.

ஒவ்வொரு படத்துக்கும் மாற்று உரை எழுதும் வசதி பெரும்பாலான தளங்களில் இருக்கிறது. பார்வையற்றவர்களின் திரைவாசிப்பான் அதைத்தான் படித்துச் சொல்லும். தமிழிலேயே எழுதுங்கள்: "கரும்பச்சைத் தண்ணீரில் வெள்ளை மேகத்தின் பிம்பம், அதன்மேல் மூன்று திட்டு அல்லி இலைகள், இடது ஓரம் ஒரு பூ மட்டும் விரிந்திருக்கிறது." நிறமும் இடமும் இருந்தால் நல்ல மாற்று உரை.

10. மனிதர்களும் உரிமையும்

பிரான்சில் ஒருவரின் முகம் அடையாளம் தெரியும்படி வெளியிடுவதில் அவருக்கு உரிமை உண்டு. கூட்டத்தில் ஒருவராகத் தெரிவது வேறு. ஒருவரையே மையமாக வைத்த படம் வேறு. பின்னதற்குக் கேட்டு அனுமதி வாங்குங்கள். பிறர் குழந்தைகள் இருக்கும் படத்தைப் பகிரவே வேண்டாம். வேலை செய்யும் தோட்டக்காரர்களை எடுக்க ஆசை வரும், கையைக் காட்டிக் கேட்டால் பலர் சிரித்துத் தலையாட்டுவார்கள். கல்யாணப் படப்பிடிப்பு, துணிக்கடை விளம்பரம் போன்றவற்றுக்கு அறக்கட்டளையிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்க வேண்டும்.

குடும்பத்தோடு பயணத்தில் இருக்கும்போதே பதிவிட்டால் ஊரில் வீடு பூட்டியிருக்கிறது என்று உலகத்துக்கே சொல்வதாகும். திரும்பி வந்து பதிவிடுங்கள். மாதமும் மணியும் தலைப்பில் இருப்பதால் தாமதம் ஒரு குறையாகாது.

நல்ல படங்கள் சிலவற்றைப் பொதுப் படக் களஞ்சியமான விக்கிமீடியா காமன்ஸில் ஏற்றுவதைப் பற்றி யோசியுங்கள். அங்கே ஏற்றினால் யாரும், வணிகத்துக்கும்கூட, உங்கள் பெயர் சொல்லிப் பயன்படுத்தலாம். அதற்கு உங்களுக்குச் சம்மதம் இருந்தால் மட்டும் ஏற்றுங்கள், முகம் தெரியும் படங்களைத் தவிருங்கள். விளக்கத்தைத் தமிழிலும் சேர்க்க இடம் உண்டு. செடி, தேதி, நேரம், குளத்தின் எந்தப் பக்கம் என்று எழுதி வையுங்கள். தமிழ் விக்கிப்பீடியாவில் மோனே பற்றியோ அல்லி பற்றியோ எழுதுகிற ஒருவருக்கு, அந்த நாலு வரி படத்துக்கு நிகராகப் பயன்படும்.